தமிழ்நாடு இ-டெண்டர் தளம், கூடவே 1998 டெண்டர் சட்டம்: சின்ன காண்ட்ராக்டரின் ரிவ்யூ

டெண்டர் பெட்டி ஒழிந்தது என்ற ஒரே காரணத்துக்காகவே டிஎன்டெண்டர்ஸ் தளத்துக்கு ஐந்தில் மூன்று கொடுத்துவிடலாம். அதற்குப் பின்னால் நிற்கிற 1998ஆம் வருடத்துச் சட்டத்துக்கு இன்னொன்று. ஆக நாலு. ஐந்தாவதை ஏன் கொடுக்கவில்லை என்பதைத்தான் இதில் அதிகம் எழுதப் போகிறேன், ஏனென்றால் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அடிபடுவது அங்கேதான்.

நான் பார்ப்பது சின்ன வேலைகள். கழிவுநீர் வாய்க்கால், சிமெண்ட் சாலை, பேவர் பிளாக், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, அங்கன்வாடி, சுற்றுச்சுவர். பாலமும் நாலுவழிச் சாலையும் எடுக்கிற கம்பெனிகளில் டெண்டர் போடுவதற்கென்றே தனி ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு இது தேவைப்படாது. எஸ்டிமேட் பார்ப்பது, பேங்க் போவது, ஆடிட்டரைத் துரத்துவது, ராத்திரி லேப்டாப்பில் அப்லோடு செய்வது எல்லாம் ஒரே ஆளாகச் செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பெட்டிக் காலத்தைப் பார்க்காதவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். டெண்டர் ஃபாரத்தை ஆபீஸில் போய்ப் பணம் கட்டி வாங்க வேண்டும். யார் யார் வாங்கினார்கள் என்பது அன்று சாயங்காலமே வெளியே தெரிந்துவிடும், தெரிந்ததும் போன் வரும், "அண்ணே, இந்த வேலையை விட்டுடுங்க, அடுத்ததுல பார்த்துக்கலாம்" என்று. சில இடங்களில் ஃபாரம் தீர்ந்துபோனது என்பார்கள். கடைசி நாளில் பெட்டி இருக்கும் அறைக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள், அவர்களைத் தாண்டிப் போய்க் கவரைப் போடுவதற்குத் துணிச்சல் வேண்டும். போட்ட பிறகும் அந்தக் கவர் பெட்டிக்குள்ளேயே இருந்ததா என்று யாருக்குத் தெரியும். ஊரில் பத்துப் பேர் தகுதியோடு இருந்தாலும் ஒரு வேலைக்கு மூன்று கவர்தான் விழும், அந்த மூன்றில் இரண்டு துணைக்குப் போட்டதாக இருக்கும். நாங்கள் இதை 'செட்டிங்' என்போம். விலை எஸ்டிமேட்டை ஒட்டியே நிற்கும், அரசாங்கப் பணம்தான் வீண்.

தளம் வந்ததும் இதில் பாதி உடைந்தது. டெண்டர் ஆவணத்தை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், இறக்கியது யார் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. நாம் ஏற்றும் விலை நம்முடைய கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான் சர்வருக்குப் போகிறது. திறப்பு நேரத்துக்கு முன்னால் அதை யாராலும் பார்க்க முடியாது. நேரம் வந்த பிறகும் நியமிக்கப்பட்ட அதிகாரிகளில் குறைந்தது இரண்டு பேர் தங்கள் தங்கள் டிஜிட்டல் கையெழுத்தைப் போட்டால்தான் திறக்கும், ஒருவர் மட்டும் முடிவு செய்து திறந்து பார்க்க வழி கிடையாது. மென்பொருள் மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் செய்தது, நாட்டில் பல மாநிலங்களும் மத்திய அரசின் சொந்தத் தளமும் இதே மென்பொருளில்தான் ஓடுகின்றன. அதனால் ஒன்றைக் கற்றுக்கொண்டால் ரயில்வே தவிர மற்ற பல இடங்களிலும் கை பழகிவிடும். (ரயில்வேக்கு அவர்களுடைய சொந்தத் தளம், அது வேறு கதை.)

இனி சட்டம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். அரசுக் கொள்முதலுக்கென்று தனிச்சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான், அடுத்த வருடம் கர்நாடகம் வந்தது. நாடாளுமன்றத்தில் 2012-இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள், அது நிறைவேறாமலே காலாவதியானது. மத்திய அரசு வேலைகள் இன்றும் பொது நிதி விதிகள் என்கிற நிர்வாக விதிகளில்தான் நடக்கின்றன. அந்த வகையில் நம் கையில் ஒரு சட்டமே இருப்பது பெரிய விஷயம். நம் ஆட்களில் நிறைய பேர் அதை ஒருமுறைகூடப் படித்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். சின்னச் சட்டம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் முடித்துவிடலாம்.

அதில் சின்ன காண்ட்ராக்டருக்கு உயிர் மாதிரியான விதி எது என்று கேட்டால் நான் கால அவகாச விதியைத்தான் சொல்வேன். டெண்டர் மதிப்பு 2 கோடி வரை என்றால் டெண்டர் அறிவிப்பு டெண்டர் புல்லட்டினில் (டெண்டர் விவரங்களை வெளியிடும் அரசு இதழ்) வெளியானதிலிருந்து கடைசி நாள் வரை குறைந்தது 15 நாள் தர வேண்டும், 2 கோடிக்கு மேல் என்றால் 30 நாள். இது ஏதோ சம்பிரதாயத்துக்கு எழுதிய எண் மாதிரி தெரியும். ஆனால் அந்த 15 நாளில்தான் நான் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும், ஜல்லியும் எம்-சாண்டும் எந்தக் குவாரியிலிருந்து என்ன விலைக்கு வரும் என்று கேட்க வேண்டும், பேங்கில் சால்வென்சி சான்றிதழுக்கு (நமக்குப் பண வலு இருக்கிறது என்று பேங்க் தரும் சான்று) அலைய வேண்டும், டெண்டரோடு கட்ட வேண்டிய வைப்புத்தொகைக்குப் பணம் புரட்ட வேண்டும். ஏழு நாளில் இதையெல்லாம் யாரால் முடிக்க முடியும்? அந்த வேலை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்த ஆளால்தான் முடியும். அவகாசத்தைக் குறைக்க வேண்டுமானால் டெண்டர் அழைக்கும் அதிகாரிக்கு மேலே இருக்கிறவர், காரணத்தை எழுத்தில் பதிந்து, அனுமதி தர வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. நடைமுறையில் குறுகிய கால டெண்டர் என்பது சில அலுவலகங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. என்ன அவசரம் என்று கேட்டால், நிதியாண்டு முடிகிறது என்பார்கள். மார்ச் மாதம் முடியப்போவது ஏப்ரலிலேயே தெரிந்ததுதானே. கர்நாடகம் 2000-இல் விதி எழுதியபோது இதே இரண்டு மதிப்புக்கும் 30 நாளும் 60 நாளும் வைத்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நமக்குக் கொடுத்த அவகாசமே அதில் பாதிதான். அதிலும் கைவைத்தால் எப்படி?

சரி, தளத்தைப் பயன்படுத்துவது எப்படி இருக்கிறது? முதல்முறை கஷ்டம், அப்புறம் பழகிவிடும். மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வேண்டும், பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் வரும். அதை வாங்கிய கையோடு காலாவதி தேதியைச் சுவர் காலண்டரில் எழுதி வையுங்கள். கணினியில் ஜாவா மென்பொருள் வேண்டும், டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேண்டும், இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எனக்குத் தளத்தில் இருக்கும் பெரிய குறை இதுதான். வருமான வரிக் கணக்கையே போனில் முடிக்கிற காலத்தில், இங்கே பழைய ஜாவா பதிப்பைத் தேடிப் போட வேண்டியிருக்கிறது. தெரிந்த பையன் ஒருவன் பக்கத்தில் இல்லாவிட்டால் அரைநாள் போய்விடும். செல்போனில் டெண்டரைப் பார்க்கலாம், போட முடியாது.

விலைப்பட்டியல் எக்செல் கோப்பாக வரும், உள்ளே மேக்ரோ (தானாகக் கணக்குப் போடும் சின்ன நிரல்) இருக்கும், மேக்ரோவை இயங்கவிட்டால்தான் கணக்கு ஓடும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றவே மாற்றாதீர்கள், ஓர் எழுத்து மாறினாலும் தளம் ஏற்காது. எஸ்டிமேட்டைவிட எத்தனை சதவீதம் கூட்டி அல்லது குறைத்து என்று விலை சொல்லும் சதவீத டெண்டர் என்றால் எக்ஸஸ் (கூடுதல்), லெஸ் (குறைவு) என்று இரண்டு தேர்வு கொடுத்திருப்பார்கள், அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு சதவீதத்தை எழுத வேண்டும், தொகையை எழுத்திலும் அதுவே காட்டும். லெஸ் போட வேண்டிய இடத்தில் எக்ஸஸ் போட்டு வேலையைக் கோட்டைவிட்டவர்கள் உண்டு. அந்த எழுத்துத் தொகையை வாய்விட்டு ஒருதரம் படித்துப் பாருங்கள். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு ஃப்ரீஸ் பட்டனை அழுத்தி, ஒப்புகைச் சீட்டு வந்தால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. அதை அழுத்தாமல் வெளியே வந்தால் நீங்கள் போடவில்லை என்றே அர்த்தம். கடைசி நேரம் வரை விலையை மாற்றி மறுபடி போடலாம். ஆனால் 'வித்ட்ரா' கொடுத்துவிட்டால் அந்த டெண்டரில் மறுபடி நுழைய முடியாது, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ளுங்கள். கணக்கில் எடுப்பது சர்வர் கடிகாரத்தை, உங்கள் கைக்கடிகாரத்தை இல்லை. மூன்று மணிக்கு முடிவு என்றால் முதல் நாள் ராத்திரியே ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். மத்தியானம் இரண்டே முக்காலுக்குக் கரண்டு போனால் யாரும் பொறுப்பில்லை.

நல்ல வசதி ஒன்றும் இருக்கிறது. பான், ஜிஎஸ்டி, பதிவுச் சான்று, பழைய வேலைகளின் நிறைவுச் சான்று இவற்றையெல்லாம் முன்னாலேயே ஸ்கேன் செய்து நம் கணக்கில் சேமித்து வைத்துவிடலாம், ஒவ்வொரு டெண்டருக்கும் அதிலிருந்து எடுத்துச் சேர்த்தால் போதும். ஸ்கேனை கறுப்பு வெள்ளையில், 100 டிபிஐ-யில் வைத்தால் கோப்பு சின்னதாக இருக்கும், கிராமத்து நெட்டிலும் ஏறும்.

இப்போது ஐந்தாவது மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தளம் பாதுகாப்பது நாம் விலையை ஏற்றும் நிமிடத்திலிருந்து அது திறக்கும் நிமிடம் வரைக்கும்தான். அதற்கு முன்னால் டெண்டர் நிபந்தனையை எழுதுகிற மேஜையும், பின்னால் தொழில்நுட்பக் கவரை (விலைக் கவருக்கு முன்னால் திறக்கும், நம் தகுதி ஆவணங்கள் அடங்கிய பகுதி) ஆராய்கிற மேஜையும் அப்படியே இருக்கின்றன. செட்டிங் பெட்டியைவிட்டு இந்த இரண்டு மேஜைக்கும் குடிபெயர்ந்துவிட்டது என்பதே என் முடிவு.

நிபந்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு ஜாதகம் எழுதுகிற மாதிரி சில டெண்டர்கள் இருக்கும். இதே வகை வேலையை இதே அளவில் இத்தனை வருடத்துக்குள் செய்திருக்க வேண்டும், தார்க் கலவை தயாரிக்கும் ஹாட் மிக்ஸ் பிளான்ட் இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று வரும். தார் சூடு ஆறுவதற்குள் சாலைக்கு வந்து சேர வேண்டும், அதனால் தூரக் கட்டுப்பாட்டுக்குத் தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஒரே ஒரு பிளான்ட்தான் இருக்கிறது என்றால் அந்த முதலாளி யாருக்கு ஒப்புதல் கடிதம் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் வேலை. இன்னொரு வழி பேக்கேஜ். ஐந்து தெருவில் ஐந்து சின்ன வேலைகள், தனித்தனியாக விட்டால் எங்களைப் போன்ற ஐந்து பேர் செய்வோம். எல்லாவற்றையும் ஒரே டெண்டராகக் கட்டினால் மதிப்பு ஏறிவிடும், எவ்வளவு மதிப்பு வரை வேலை எடுக்கலாம் என்று சொல்கிற எங்கள் பதிவு வகுப்புக்கு அந்த வாசலே மூடிவிடும். கடைசியில் பேக்கேஜை எடுத்தவர் அதே ஐந்து வேலையையும் எங்களிடமே சப்-காண்ட்ராக்டில், கமிஷனைக் கழித்துக்கொண்டு கொடுப்பார். செலவு மிச்சம், நிர்வாகம் எளிது என்று சொல்வதெல்லாம் எனக்கு ஒப்பவில்லை. தெருவில் வேலை செய்கிறவன் கைக்கு வருகிற பணம் குறைந்தால் சிமெண்ட்தான் குறையும்.

நிபந்தனையால் போட்டி சுருங்குவது சின்ன வேலையோடு நிற்பதும் இல்லை. கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடும் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாடு அழைத்த ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் டெண்டரை, நிபந்தனைகள் போட்டியைக் கட்டுப்படுத்துகின்றன என்று சொல்லி 2020 ஜூனில் மத்திய அரசே ரத்து செய்து மறு டெண்டர் விடச் சொன்னது. அவ்வளவு பெரிய டெண்டரைப் பார்க்க டெல்லியில் கண்கள் உண்டு. 18 லட்ச ரூபாய் வாய்க்காலை யார் பார்ப்பார்கள்?

அப்புறம் இந்த இடம் பார்த்த சான்றிதழ் விவகாரம். வேலை நடக்கும் இடத்தைப் பார்த்துவிட்டேன் என்று உதவிப் பொறியாளரிடம் கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும் என்று சில டெண்டர்களில் போடுகிறார்கள். என்னிடம் ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள், பொறியாளர் சீட்டில் இல்லை, லீவில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றே கடைசி நாள் வரை ஓடியது. கையெழுத்து வாங்கப் போகிற ஒவ்வொருவரும் தான் டெண்டர் போடப்போவதைத் தானே போய்ச் சொன்னதாக ஆகிறது. தளம் மறைத்துவைத்த பெயரை இந்த ஒரு காகிதம் வெளியே கொண்டுவந்துவிடுகிறது. இடத்தைப் பார்த்தேன், தெரிந்தே விலை போடுகிறேன் என்று காண்ட்ராக்டரே உறுதிமொழி கொடுத்தால் போதாதா? வைப்புத்தொகை வரைவோலையின் அசலைத் திறப்பதற்கு முன் ஆபீஸில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதே ரகம்தான். ஆன்லைனில் பணம் கட்டுகிற வழி தளத்திலேயே இருக்கும்போது அசலைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைய வேண்டும்.

வைப்புத்தொகை என்ற உடனே பணக் கணக்கும் வந்துவிடுகிறது. சாதாரணமாக அது டெண்டர் மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி, அது நியாயமான அளவு. வேலை கிடைக்காதவர்களுக்குத் திரும்பி வருவதில் ஆபீஸுக்கு ஆபீஸ் வேகம் மாறும். புதுப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது கூடுதல் காப்புத்தொகையை. பொதுப்பணித்துறை வகை டெண்டர்களில், எஸ்டிமேட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டால் மதிப்பில் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 15-க்கு மேல் இறங்கினால் எஸ்டிமேட்டுக்கும் நீங்கள் போட்ட விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைக் கட்ட வேண்டும். 1 கோடி வேலையை 20 சதவீதம் லெஸ் போட்டு 80 லட்சத்துக்கு எடுத்தீர்கள் என்றால் 10 லட்ச ரூபாய் போய் அங்கே உட்கார்ந்துவிடும், வேலை முடிகிற வரைக்கும் வராது. கண்மூடித்தனமாக விலையைக் குறைத்து வேலையை எடுத்துவிட்டு நடுவில் விட்டுவிட்டு ஓடுகிறவர்களைத் தடுக்க இது தேவைதான், நான் முழுக்க ஆதரிக்கிறேன். ஆனால் விலை போடுவதற்கு முன்னாலேயே இதற்கு வட்டி என்ன ஆகும் என்று கணக்கில் சேர்த்துவிடுங்கள். அதோடு, அரசுக் கட்டுமான வேலைக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12-இலிருந்து 18 சதவீதம் ஆனது, உங்கள் எஸ்டிமேட்டில் அது தனியாகக் காட்டப்பட்டிருக்கிறதா அல்லது விலைக்குள்ளேயே அடங்கியதா என்று ஆவணத்தில் தேடிப் பாருங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், வருமான வரிப் பிடித்தம், ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம் எல்லாம் பில்லிலேயே போகும். எம்-புக்கில் (முடித்த வேலையைப் பொறியாளர் அளந்து பதியும் புத்தகம்) அளவு ஏறி, பில் பாஸாகி, பணம் கணக்கில் விழுகிற வரைக்கும் தாங்குகிற கையிருப்பு இல்லாமல் எந்த எல்-ஒன்னுக்கும் (மிகக் குறைந்த விலை போட்டவர் என்ற இடம்) ஆசைப்படாதீர்கள்.

நியாயம் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது? சட்டத்தின் 11ஆவது பிரிவில் மேல்முறையீடு இருக்கிறது. டெண்டரை ஏற்றுக்கொண்ட உத்தரவு கைக்கு வந்து 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த 10 நாளை நழுவவிட்டுவிட்டு நேரே ஹைகோர்ட்டுக்கு ஓடுகிறவர்கள் அதிகம். நீதிமன்றங்கள் டெண்டர் விஷயத்தில் மிகக் குறைவாகவே தலையிடும். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன வரம்பைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள்: முடிவெடுத்த விதம் முறையாக இருந்ததா என்று பார்ப்பார்கள், அந்த முடிவு சரியா தவறா என்று மேல்முறையீடு மாதிரி உட்கார்ந்து விசாரிக்க மாட்டார்கள். அதனால் உங்கள் கையில் ஆதாரம் வேண்டும். தொழில்நுட்பக் கவரில் உங்களைத் தள்ளினால் என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். விலைக் கவர் திறப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள், திறந்த பிறகு கேட்டால் தோற்றவன் புலம்பல் என்று ஆகிவிடும். டெண்டர்களை ஒப்பிட்டுப் பார்த்த விவரமும் ஏற்றதற்கான காரணமும் டெண்டர் புல்லட்டினை வெளியிடும் அதிகாரிக்குப் போக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, அந்த ஒப்பீட்டை விடாமல் கேட்டு வாங்குங்கள்.

என்னுடைய ஆசை பெரிதாக எதுவும் இல்லை. குறுகிய கால டெண்டருக்கு மேலதிகாரி எழுதிய காரணக் குறிப்பை அந்த டெண்டரின் பக்கத்திலேயே ஒரு பிடிஎஃப் ஆகப் போட வேண்டும். தொழில்நுட்பக் கவரில் தள்ளப்பட்ட ஒவ்வொருவருக்கும் எந்த நிபந்தனையில் தவறினார் என்று ஒரு வரியாவது தளத்தில் வர வேண்டும். இடம் பார்த்த சான்றிதழை எல்லா வேலையிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் ஐந்துக்கு ஐந்தும் கொடுக்கிறேன்.

காண்ட்ராக்டர் இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம். இந்தத் தளத்தைப் பார்க்க லாகின் தேவையில்லை. உங்கள் தெருவில் சாலை போடுகிறார்கள் என்றால் துறையையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள், எஸ்டிமேட் மதிப்பு, எத்தனை நாளில் முடிக்க வேண்டும், எத்தனை பேர் போட்டார்கள், யார் என்ன விலை போட்டார்கள் என்பதெல்லாம் டெண்டர் நிலைப் பகுதியில் கிடைக்கும். திருத்த அறிவிப்பு வந்திருந்தால் அதையும் திறந்து பாருங்கள், கடைசி நிமிடத்தில் நிபந்தனை மாறுவது அதில்தான் தெரியும். விலைக் கவர் திறந்து ரொம்ப நாள் ஆகியும் வேலை யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரம் ஏறாமலே கிடந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒப்பீட்டு அறிக்கையின் நகலும் ஒர்க் ஆர்டரின் நகலும் கேட்டு மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் டெண்டர் எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள், அது இருந்தால் எந்த வேலை என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.